சிறுகுறிஞ்சான் கட்டும் ஒன்பதாம் கேள்வியும்

போன மாதம் இரண்டாவது திங்கட்கிழமை, காலை பத்தே காலுக்கு நிவேதா தொலைபேசியில் அழைத்தாள். ஏற்காட்டில் நான் இருபத்தேழு ஆண்டுகள் வேலை பார்த்த மூலிகைப் பரிசோதனைக் கூடத்தில் இப்போது என் நாற்காலியில் இருப்பவள் அவள்தான். மூலிகை மாதிரிகளுக்கான படிவங்களை எல்லாம் கணினிக்கு மாற்றுகிறார்களாம். பதினான்கு கேள்விகளைப் பத்தாகக் குறைக்கச் சொல்லியிருக்கிறார்களாம்.

“மேடம், ஒன்பதாம் கேள்வி ஒண்ணு இருக்குதுங்க. ‘கட்டு எதனால் கட்டப்பட்டிருந்தது?’ன்னு. எல்லாரும் ‘கயிறு’ன்னுதான் எழுதறாங்க. மூணு வருசப் படிவத்தைப் புரட்டிப் பார்த்துட்டேன், எல்லாமே கயிறுதான். இதை எடுத்துடலாங்களா?”

“அது ஏன் வந்துச்சுன்னு யாராச்சும் சொன்னாங்களா கண்ணு?”

“யாருக்கும் தெரியலீங்க. பழசு, அப்படியே இருக்குதுன்னாங்க.”

எழுதி அனுப்புகிறேன் என்று சொல்லி வைத்தேன். இது அந்தப் பதில்தான். எழுத எழுத நீண்டுவிட்டது. முழங்கால் வலியால் இரண்டு வருடம் முன்னதாகவே விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு சேலத்தில் இருக்கிறேன், நேரம் இருக்கிறது. டைரிகளும் இருக்கின்றன. நினைவிலிருந்து எழுதினால் நான் உண்மையைவிடக் கொஞ்சம் நல்லவளாகத் தெரிவேன். அதனால் டைரியைப் பார்த்தே எழுதுகிறேன்.

எங்களுடையது சிறிய சங்கம். மலை ஊர்களில் காட்டு மூலிகை சேகரிப்பவர்களிடம் வாங்கி, பரிசோதித்து, அடிவாரத்தில் இருக்கும் அரவைக் கூடத்தில் பொடியாக்கி, பொட்டலமாகக் கடைகளுக்குக் கொடுப்போம். பரிசோதனைக் கூடம் என்பது இரண்டு அறைகள், தகரக் கூரை. மழை வந்தால் ஒருவர் பேசுவது ஒருவருக்குக் கேட்காது. வேதியியலில் இளநிலைப் பட்டத்தோடு நான் அங்கே சேர்ந்தபோது முதல் எட்டு மாதம் கண்ணாடிக் குடுவை கழுவினேன். அடுத்த ஒரு வருடம் எடை போட்டேன். பயிற்சி என்று சொல்ல அவ்வளவுதான்.

என் மேலதிகாரி டாக்டர் ராஜரத்தினம். நோய் பார்க்கிற டாக்டர் அல்ல; வேதியியலில் ஆய்வுப் பட்டம் பெற்றவர். தினமும் சேலத்திலிருந்து முதல் பஸ்ஸில் வருவார். இருபது கொண்டை ஊசி வளைவுகளும் அவருக்கு ஒத்துக்கொள்ளாது. முன் இருக்கையில் உட்கார்ந்து, கையில் ஒரு எலுமிச்சம்பழத்தை வைத்துக்கொண்டு, கண்ணை மூடியபடியே வருவார். வந்து அரை மணி நேரம் அவரிடம் யாரும் பேசக் கூடாது. பிறகு ஒரு சொம்புத் தண்ணீர் குடித்துவிட்டு, எல்லோரையும் ஒரு முறை பார்த்து, தினமும் ஒரே கேள்வியைக் கேட்பார்:

“நேத்து என்ன தப்பு பண்ணுனோம்?”

என்ன வேலை செய்தோம் என்று கேட்டதே இல்லை. தப்பு ஒன்றும் இல்லை என்று சொன்னால், “அப்ப சரியாப் பார்க்கலை” என்பார். தராசைச் சுழியம் பார்க்காமல் எடை போட்டது, ஒரு குடுவையில் பெயர்ச்சீட்டு ஒட்டாமல் வைத்தது, இப்படி ஏதாவது ஒன்றைத் தயாராக வைத்திருக்க வேண்டும். நான் டைரி எழுத ஆரம்பித்தது இதற்காகத்தான்.

மூலிகையின் மருந்துக் குணத்தைப் பற்றி அவருக்கு எப்போதும் அவசரமில்லை. முதலில் நஞ்சு உண்டா என்று பார்க்க வேண்டும், குணம் பிறகு. ஒரு முறை காட்டு இலை ஒன்றின் சாறு கண்ணாடித் தட்டில் வளர்த்த கிருமிகளைச் சுத்தமாகக் கொன்றது. சாறு வைத்த இடத்தைச் சுற்றி வட்டமாக வெறுமையாகிவிட்டது. நாங்கள் ஏற்காட்டுக் கடைவீதியான ஒண்டிக்கடையில் ஜிலேபி வாங்கி வந்து பங்கு போட்டோம். டாக்டரும் ஒன்று தின்றார். மறுநாள் அதே மாதிரி இன்னொரு தட்டைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். இன்னும் பெரிய வட்டம்.

“இது எந்த இலைங்க சார்?”

“நம்ம கக்கூஸ் கழுவுற பினாயில். இதுவும் கொல்லுது. குடிக்கிறீங்களா?”

மீதி ஜிலேபியை யாரும் தொடவில்லை.

நாங்கள் அதிகம் வாங்கிய மூலிகைகளில் ஒன்று சிறுகுறிஞ்சான். மரங்களிலும் வேலிகளிலும் ஏறும் கொடி. இலையை மென்றால் நாக்கில் இனிப்பு தெரியாமல் போய்விடும். சர்க்கரை நோய்க்காரர்கள் பொடியாக வாங்கிக் குடிப்பார்கள். இதைக் கொண்டுவருகிறவர்களில் முக்கியமானவர் பழனியம்மா. கிளியூர்ப் பக்கம் இருந்தார். பன்னிரண்டு குடும்பங்கள் சேர்ந்த சேகரிப்புக் குழுவுக்குத் தலைவி. சாமை விதைப்பு, காப்பிப் பழம் பறிப்பு போக மீதி நாளெல்லாம் அவர்களுக்குக் காடுதான் பிழைப்பு. காட்டுக்குள் போவதற்கான அனுமதி அட்டை எங்கள் சங்கத்தின் மூலமாகத்தான் கிடைக்கும்.

பழனியம்மா முதல் முறை வந்தபோது, டாக்டர் இலையைப் பூதக்கண்ணாடியில் பார்த்து, புத்தகத்தோடு ஒப்பிட்டு, இது அதுதான் என்று உறுதி செய்த பிறகே ஒரு இலையை வாயில் போட்டு மென்றார். பின் டீயை எடுத்துக் குடித்தார். முகம் மாறியது.

“மணல் கரைச்ச தண்ணி மாதிரி இருக்குது.”

“ஏனுங்க டாக்டரு, இப்ப லட்டு குடுத்தாலும் மண்ணாங்கட்டிதானுங்க” என்றார் பழனியம்மா. “பலகாரம் சுட்டா மொதல்ல மாமியாளுக்கு இதுல ரெண்டு எலையைக் குடுத்துரோணும். பலகாரம் அப்படியே மிச்சம்.”

டாக்டர் சிரித்ததை அன்றுதான் முதலில் பார்த்தேன். ஆனால் அன்று மாலை பொட்டலத்தில் அச்சடிக்க அவர் எழுதிக் கொடுத்த வரி இது: ‘நாக்கில் இனிப்பை மறைப்பதும் இரத்தத்தில் சர்க்கரையைக் குறைப்பதும் ஒன்றல்ல. மருத்துவர் கொடுத்த மருந்தை நிறுத்த வேண்டாம்.’

இனி, என் யோசனை.

சிறுகுறிஞ்சான் இலை வெகுகாலம் உதிரியாகச் சாக்கில்தான் வந்துகொண்டிருந்தது. ஒரு முறை ஒரு சாக்கில் வேறு ஏதோ இலை கொஞ்சம் கலந்திருந்தது. உதிர்ந்த இலையை வைத்து இன்ன செடி என்று சொல்வது கடினம். கொடியோடு, கணுவோடு இருந்தால் தவறவே தவறாது. இனி இலையைக் கொடியோடு அறுத்துக் கட்டாகக் கட்டிக் கொண்டுவர வேண்டும் என்று ஒரு சுற்றறிக்கை போடலாம் என்றேன். டாக்டர் இரண்டு நிமிடம் யோசித்துவிட்டு, “நல்ல யோசனை” என்றார். இருபத்தேழு ஆண்டுகளில் அவர் என்னிடம் அப்படிச் சொன்னது அந்த ஒரு தடவைதான். டைரியில் அந்த வரியின் கீழ் இரண்டு கோடு போட்டிருக்கிறேன்.

அதன் பிறகு கட்டுகள் வந்தால், மாதிரிக்கு ஒன்றை மட்டும் எடுத்துச் செய்யும் முறை இது. சேகரிப்பவர் பெயர், காட்டின் பகுதி, தேதி ஆகியவற்றைப் பதிவது. கத்தரிக்கோலால் பிணைப்பை அறுத்துக் குப்பைக் கூடையில் போடுவது. கட்டை வெள்ளைத் துணியில் விரித்து, மேல், நடு, அடி என மூன்று இடங்களில் இருந்து ஒவ்வொரு பிடி எடுப்பது. கணு, இலைக்காம்பு, இலையின் அடிப்புற மயிர் மூன்றையும் பார்ப்பது. நிழலில் உலர்த்தி இடித்துச் சலிப்பது. ஒரு பாதியைச் சோதனைக்கு எடுத்துக்கொண்டு, மறு பாதியைப் புட்டியில் அடைத்து முத்திரையிட்டு அலமாரியில் வைப்பது. பூச்சிக்கொல்லி, உலோகம், பூஞ்சை நஞ்சு எதுவும் வரம்புக்கு மேல் இல்லை என்றால் நான் கையெழுத்திடுவேன். மீதிக் கட்டுகள் அடிவாரம் அரவைக் கூடத்துக்குப் போகும். ஒன்றரை வருடம் இப்படியே நடந்தது. ஒரு கட்டிலும் வேறு செடி இல்லை. என் யோசனையைப் பற்றி எனக்குக் கொஞ்சம் பெருமை இருந்ததை மறைக்கவில்லை.

ஒரு வியாழக்கிழமை, மழை. காதர் பாய் வந்தார். ஒண்டிக்கடையில் மிளகு, காப்பித்தூள், தேன் விற்கிற கடைக்காரர். சேலத்துக் குடும்பம், அவருடைய அப்பா காலத்திலேயே மலையில் கடை வைத்தவர்கள். எங்கள் பொட்டலங்களை மலையில் அதிகம் விற்றவர் அவர்தான். கையில் ஒரு பிளாஸ்டிக் கூடை. அதில் சர்க்கரை மாத்திரை, முழங்கால் வலி மாத்திரை, எங்கள் சிறுகுறிஞ்சான் பொட்டலம் ஒன்று. செருப்பை வாசலில் கழற்றியபோது கணுக்காலில் வீக்கம் தெரிந்தது.

“மேடம், கிட்னி பாதி வேலைதான் செய்யுதுங்கறாரு சேலத்து டாக்டரு. திங்கறது குடிக்கிறது எல்லாத்தையும் கொண்டாங்கன்னாரு. மாத்திரை எல்லாம் பார்த்துட்டாரு. இந்தப் பொடியில என்ன இருக்குதுன்னு கேக்கறாரு. நான் என்னத்தைச் சொல்ல? படிச்ச அம்மா கையெழுத்துப் போட்டிருக்காங்க சார்ன்னேன்.”

“எத்தனை நாளாக் குடிக்கிறீங்க பாய்?”

“பத்து மாசமாச்சுங்க. காலையில ஒரு ஸ்பூன். விக்கிறவன் தானே மொதல்ல தின்னு காட்டோணும்? நானே குடிக்கிறேன் பாருங்கன்னு சொல்லித்தான் அத்தனை பேருக்கும் வித்தேன்.”

பொட்டலத்தை வாங்கிக்கொண்டு, முடிவு தெரியும் வரை குடிக்க வேண்டாம் என்று சொல்லி அனுப்பினேன். அதில் அச்சிட்டிருந்த சரக்கு எண்ணை வைத்துப் பதிவேட்டைப் பார்த்தேன். பழனியம்மா குழு கொண்டுவந்த சரக்கு. என் கையெழுத்து. அலமாரியில் இருந்த புட்டியை எடுத்து எல்லாச் சோதனைகளையும் மறுபடி செய்தேன். சுத்தம். மாலை ஆறு மணிக்கு, ‘எங்கள் சிறுகுறிஞ்சானில் குறை ஏதும் கண்டறியப்படவில்லை’ என்று கடிதம் எழுதி டாக்டர் முன்னால் வைத்தேன்.

அவர் பேனாவைத் திறக்கவில்லை.

“இது இலைக்குப் பதில். அவர் குடிச்சது பொட்டலம்.”

நாங்கள் பொட்டலத்தைச் சோதித்ததே இல்லை. இலை சுத்தம் என்றால் அதை அரைத்த பொடியும் சுத்தம் என்பது எங்கள் கணக்கு.

அன்று டாக்டர் கடைசி பஸ்ஸைப் பிடிக்காமல் ஒரு நண்பர் வீட்டில் தங்கினார். மறுநாள் காலை ஒரு தாளில், இந்த மலையில் வளரும் செடிகளில் சிறுநீரகத்தைக் கெடுப்பவை எவை என்று எழுதினார். முதலில் எழுதிய பெயர் பெருமருந்துக்கொடி. ஈஸ்வரமூலி என்றும் சொல்வார்கள். நாட்டு வைத்தியத்தில் பேர் பெற்றது. ஆனால் அதில் இருக்கும் ஒரு அமிலம் சிறுநீரகத்தை மெல்ல மெல்லக் கெடுக்கும். பின்னாளில் புற்றுநோயையும் கொண்டுவரும். உலர்த்தினாலும் போகாது, கொதிக்க வைத்தாலும் போகாது.

சோதனை கடினமானதல்ல. வெள்ளைப் பூச்சுப் பூசிய கண்ணாடித் தகட்டின் அடியில் பென்சிலால் ஒரு கோடு. அதில் மூன்று சொட்டுகள்: அலமாரிப் புட்டியின் சாறு, பொட்டலத்தின் சாறு, எங்களிடம் உலர்த்தி ஒட்டி வைத்திருந்த அசல் பெருமருந்துக்கொடியின் சாறு. தகட்டைக் கரைப்பான் ஊற்றிய தொட்டியில் நிறுத்தினால் கரைப்பான் மேலே ஏறும். ஒவ்வொரு பொருளும் அதனதன் உயரத்தில் நின்றுவிடும். பிறகு ஒரு கரைசலைத் தெளித்து, சூடாக்கி, புற ஊதா விளக்கின் கீழ் பார்க்க வேண்டும். அந்த அமிலம் இருந்தால் நீலப்பச்சையாக ஒளிரும்.

மூன்றாவது சொட்டு பளிச்சென்று ஒளிர்ந்தது. முதல் சொட்டில் ஒன்றும் இல்லை. நடுவில் இருந்த பொட்டலத்தின் சொட்டில், அதே உயரத்தில், மங்கலாக அதே நிறம்.

பக்கத்துச் சொட்டு கலந்திருக்கலாம் என்று இரண்டாவது தகடு போட்டேன். மூன்றாவதை டாக்டரே போட்டார். மூன்றும் ஒன்றுதான்.

சங்கத்தின் செயலாளர் கெட்டவர் இல்லை, பயந்தவர். விற்பனையை அன்றே நிறுத்திவிட்டார். கதவைச் சாத்திக்கொண்டு எங்களிடம் சொன்னார்:

“கலப்படம்னு எழுதிடுங்க. சேகரிச்சவங்க பண்ணுன கலப்படம். எந்தக் குழு?”

“பழனியம்மா குழுங்க சார்.”

“அந்தப் பன்னெண்டு அட்டையையும் வாங்கிடறேன். நீங்க எழுதிக் குடுங்க. திங்கக்கெழமை வேணும்.”

“அவங்க கொண்டுவந்த கட்டு சுத்தமா இருந்துச்சுங்க சார். மாதிரி இருக்குது.”

“அப்ப பொடியில எப்படி வந்துச்சு? வானத்துல இருந்தா?”

அதைத் தெரிந்துகொள்ளச் சனிக்கிழமை அடிவாரம் போனேன். ஒன்றரை வருடத்தில் அரவைக் கூடத்துக்குள் நான் போனது அதுதான் முதல் தடவை. இதையும் டைரியில் தப்பு என்றே குறித்திருக்கிறேன். செல்வம் என்பவர் இயந்திரம் ஓட்டுகிறவர். கொட்டகையில் கம்பிகளில் வரிசையாகக் கட்டுகள் காய்ந்துகொண்டிருந்தன. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு கட்டைக் கழற்றி அப்படியே வெட்டும் வாயில் திணித்தார்.

“கட்டைப் பிரிக்க மாட்டீங்களா?”

“எதுக்குங்க? கட்டோட போனாத்தான் உருவி உள்ளாற இழுக்கும். பிரிச்சுப் போட்டா பறக்குமுங்க.”

“கட்டியிருக்கறது?”

“அதுவும் கொடிதானுங்களே. எல்லாம் ஒண்ணாப் போயிருது.”

அடுத்த கட்டை வாங்கிப் பார்த்தேன். மூன்று சுற்றுச் சுற்றி முறுக்கிச் செருகியிருந்தது. சிறுகுறிஞ்சான் தண்டில் மெல்லிய மயிர் இருக்கும். இதில் இல்லை. தண்டு வழவழவென்று, நீளவாக்கில் வரிப் பள்ளங்களோடு இருந்தது. முறுக்கில் காய்ந்த இலைகள் இரண்டு மூன்று சிக்கியிருந்தன. ஒரு இடத்தில் காய் ஒன்று வெடித்து, சின்ன உறி போலத் தலைகீழாகத் தொங்கியது. பெருமருந்துக்கொடியின் காய்தான் அப்படித் தொங்கும்; அதைப் பார்த்த பிறகு எனக்குத் தகடு தேவைப்படவில்லை. கம்பியில் இருந்த கட்டுகளை எண்ணினேன். முப்பத்தாறு. இருபத்தொன்று இதனாலேயே கட்டப்பட்டிருந்தன.

ஒன்றரை வருடமாகக் கட்டு வந்ததும் நான் முதலில் செய்த வேலை, இந்தக் கொடியை அறுத்துக் குப்பைக் கூடையில் போட்டதுதான். நான் எறிந்தது மட்டும் குப்பைக்குப் போனது. மீதிக் கட்டுகளில் இருந்தது அரவைக்குப் போனது.

ஞாயிற்றுக்கிழமை டாக்டர் எலுமிச்சம்பழத்தோடு மேலே வந்தார். தகட்டில் அந்தப் பிணைப்பின் சாறு பளிச்சென்று ஒளிர்ந்தது. நான் அந்தக் கொடியை ஒரு காகிதப் பையில் போட்டுக்கொண்டு கிளியூர்ப் பக்கம் போனேன். பழனியம்மா களத்தில் மிளகு காயவைத்துக்கொண்டிருந்தார். சேதி எனக்கு முன்னாலேயே போயிருந்தது. வாங்க என்று சொல்லவில்லை.

“களவாணிப் பட்டம் எழுதிக் கொண்டாந்திருக்கறீங்களா, இல்லை இனிமேத்தான் எழுதோணுமா?”

பையைத் திறந்து காட்டினேன். “இது என்னங்க?”

“பெருமருந்துக்கொடி.”

“இதை வெச்சு ஏன் கட்டுனீங்க?”

“பின்னே? கட்டாக் கட்டிக் கொண்டாங்கன்னு நீங்கதானுங்க காயிதம் போட்டீங்க. கயிறு குடுத்தீங்களா? நீங்க குடுக்கலை, காடு குடுத்துச்சு. மத்த கொடி காஞ்சா படக்குனு அத்துப்போயிரும். இது நொம்ப உறுதி. பூச்சி தொடாது.”

“இது உடம்புக்கு ஆகாதுன்னு தெரியுங்களா?”

“திங்கறதுக்கில்லைன்னு தெரியும். அதனாலதான் கட்டறதுக்கு எடுத்தோம்.” எழுந்து என் முன்னால் வந்து நின்றார். “ஏனுங்க அம்மிணி, கடையில அரிசி வாங்கறீங்க, சாக்குல வருது. அரிசி மட்டும் ஆக்குவீங்களா, சாக்கையும் சேத்து ஆக்குவீங்களா?”

கொடியைப் பைக்குள் திருப்பி வைத்தேன். பிறகு அவரே கேட்டார்:

“யாருக்காச்சும் என்னமோ ஆயிருச்சுங்களா?”

சொன்னேன். காதர் பாயை அவருக்கும் தெரியும்; அவருடைய மிளகு அந்தக் கடைக்குத்தான் போகும். மிளகுக்குப் பக்கத்திலேயே அப்படியே உட்கார்ந்தார். “அட சாமி” என்று மட்டும் சொன்னார். நான் கிளம்பும்போது அவர் அட்டையைப் பற்றிக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

திங்கட்கிழமை காலை டாக்டர் வந்தார். அரை மணி நேரம். ஒரு சொம்புத் தண்ணீர்.

“நேத்து என்ன தப்பு பண்ணுனோம்?”

இரவு எழுதி வைத்திருந்த அறிக்கையை வாசித்தேன். அது இன்னும் கோப்பில் இருக்கிறது. நிவேதா எடுத்துப் பார்க்கலாம். சாரம் இவ்வளவுதான்: பொடியில் கண்ட நஞ்சு, கட்டுகளைப் பிணைத்த கொடியிலிருந்து வந்தது. கட்டாகக் கொண்டுவரச் சொன்னது பரிசோதனைக் கூடம். எதனால் கட்ட வேண்டும் என்று அது சொல்லவில்லை, கயிறும் கொடுக்கவில்லை. சோதனைக்கு முன் அந்தக் கொடியை அறுத்து எறிந்து வந்தது நான். அரைத்த பொடியைச் சோதிக்காமல் கையெழுத்திட்டதும் நான். சேகரித்தவர்கள் கேட்ட செடியைக் கேட்ட வடிவில் கொடுத்தார்கள். அவர்கள் செய்த கலப்படம் எதுவும் இல்லை.

டாக்டர் வாங்கிப் படித்தார். ஒரு காற்புள்ளியைத் திருத்தினார். கையெழுத்துக்கு மேலே தன் கையால் ஒரு வரி சேர்த்தார்: ‘மேற்படி சுற்றறிக்கைக்கு ஒப்புதல் அளித்தவன் நான்.’

செயலாளர் அதை இரண்டு முறை படித்தார். “நீங்களே உங்க கழுத்துல மாட்டிக்கிட்டீங்க” என்றார். எங்கள் இருவர் பணிப் பதிவேட்டிலும் ஒரு குறிப்பு ஏறியது. என்னுடையது ஓய்வு பெறும் நாள் வரை இருந்தது. பன்னிரண்டு அட்டைகளும் பன்னிரண்டு வீடுகளிலேயே இருந்தன. ஆனாலும் விசாரணை முடியும் வரை மூன்று மாதம் அவர்களிடம் எதுவும் வாங்க விடவில்லை. அந்த மூன்று மாதம் அவர்களுக்கு எப்படிப் போனது என்று என் டைரியில் இல்லை. நான் போய்ப் பார்க்கவில்லை.

காதர் பாயின் கடைக்கு அன்று மாலையே போனேன். பொடியில் இருந்ததைச் சொன்னேன். சேலத்து டாக்டருக்குக் கொடுக்க அறிக்கையின் நகலைக் கொடுத்தேன். ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டியிருந்தது. அவருக்குப் பதினோரு வருடமாகச் சர்க்கரை. அதுவே சிறுநீரகத்தைக் கெடுக்கும். வலி மாத்திரையும் கெடுக்கும். இந்தக் கொடியும் கெடுக்கும். இதனால்தான் என்று என்னால் சொல்ல முடியாது. இதனால் இல்லை என்றும் சொல்ல முடியாது.

“அப்ப நான் யாரைத் திட்டறதுங்க மேடம்?”

“என்னைத் திட்டுங்க பாய்.”

அவர் கடைப் பலகைகளை எடுத்து ஒவ்வொன்றாக மூட ஆரம்பித்தார். மணி ஐந்துகூட ஆகவில்லை.

“திட்டறதுக்கு அப்புறமா வரேன். மொதல்ல வித்ததை எல்லாம் திருப்பி வாங்கோணும். நான் குடிக்கிறேன், நீயும் குடின்னு சொன்ன வாயிது.”

இரண்டு நாள் மொபெட்டில் வீடு வீடாகப் போனார். யார் யாருக்கு விற்றார் என்பதெல்லாம் அவர் மனதில் இருந்தது. கால் வீக்கத்தோடு அவர் அலைந்ததைப் பார்த்து அவருடைய மனைவி ஜமீலா என்னை நன்றாகத் திட்டினார். அதுவும் டைரியில் இருக்கிறது. குடித்தவர்களை எல்லாம் இரத்தப் பரிசோதனைக்கு அனுப்பினோம். சிறுநீரகம் கெட்டதைக் காட்டும் அளவு வேறு யாருக்கும் ஏறியிருக்கவில்லை. இந்த நஞ்சு பல ஆண்டுகள் கழித்தும் வேலை காட்டும் என்பதால், வருடம் தவறாமல் பார்த்துக்கொள்ளும்படி ஒவ்வொருவருக்கும் எழுத்தில் கொடுத்தோம்.

காதர் பாயின் சிறுநீரகம் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. பொடியை நிறுத்திய பிறகு மேலும் கெடவும் இல்லை. மூன்று மாதத்துக்கு ஒரு தடவை சேலம் வருகிறார். சோதனைத் தாளை என் வீட்டுக்குக் கொண்டுவந்து காட்டிவிட்டுத்தான் மேலே போவார். நான் எண்ணைப் பார்ப்பேன், அவர் என் முகத்தைப் பார்ப்பார். “அதே அளவுதான் பாய்” என்றால், “அல்ஹம்துலில்லாஹ், அப்ப திட்டு அடுத்த தடவைக்கு” என்பார்.

அந்த விசாரணைக்குப் பிறகு சங்கம் சேகரிப்பவர்களுக்கு வெள்ளைப் பருத்திக் கயிறு கொடுக்க ஆரம்பித்தது. அரவைக் கூடத்தில் கட்டைப் பிரித்த பிறகே போட வேண்டும் என்று எழுதி ஒட்டினோம். அரைத்த பொடியையும் சோதித்தோம். கட்டு எதனால் கட்டப்பட்டிருந்தது என்று கண்ணால் பார்த்து எழுத, படிவத்தில் ஒன்பதாம் கேள்வியைச் சேர்த்தோம்.

மேலே உள்ளதை நிவேதாவுக்கு அனுப்பினேன். மூன்று நாள் பதில் இல்லை. நான்காம் நாள் காலை கைபேசியில் ஒரு படம் வந்தது. வெள்ளைத் துணி மேல் ஒரு சிறுகுறிஞ்சான் கட்டு. மூன்று சுற்றுச் சுற்றி முறுக்கிச் செருகிய கொடி. உடனே அழைப்பும் வந்தது.

“நாப்பது கட்டு வந்துச்சுங்க மேடம். நாப்பதையும் நானே போய்ப் பார்த்தேன். முப்பத்தொம்பது கயிறு, ஒண்ணு இது. படிவத்துல இதுக்கும் கயிறுன்னுதான் இருக்குது. கையெழுத்து என்னோடதுதானுங்க.”

“இன்னைக்குத் தேதி போட்டு அதை எழுதி வெச்சுக்க. கொடியை அறுக்காதே. படத்தை வெச்சு நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன், தகடு போட்டுப் பாரு. கட்டுனவங்களைக் கூப்பிட்டுக் கேளு. திட்டாமக் கேளு.”

மாலை மறுபடி அழைத்தாள். தகட்டில் ஒன்றும் ஒளிரவில்லை; அது வேறு ஏதோ கொடி. கட்டினவர் பழனியம்மாவின் மருமகள்.

“கேட்டேங்க மேடம். கயிறு தீந்துபோயி ஒரு மாசமாச்சாம். யாரு கொண்டாந்து குடுத்தீங்கன்னு என்னையவே கேக்கறாங்க.”

புதிய படிவத்தில் பத்துக் கேள்விகள்தாம் இருக்க வேண்டும் என்றார்கள். நேற்று அவள் அனுப்பியதில் பதினொன்று இருக்கின்றன. ஒன்பதாம் கேள்வி அப்படியே இருக்கிறது. கடைசிக் கேள்வி நிவேதா சேர்த்தது: ‘இவருக்கு நாம் கடைசியாகக் கயிறு கொடுத்தது எப்போது?’